மேட்டு வழியா, குமுளி வழியா

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு இருந்தது. சபரிமலைக்கு மாலை போட்டவர்களில் பாதிப் பேர் அந்தத் தோப்பில் குளித்துவிட்டுத்தான் மலையேறினார்கள் என்று நான் சொன்னால் என் மச்சினன் சிரிப்பான். சரி, பாதி வேண்டாம், கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கடமலைக்குண்டிலிருந்து புளி ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த வண்டி வாங்கி, அதையும் விற்றுவிட்டுத் தோப்பில் ஆழ்குழாய் போட்டவன். எனக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று வீட்டில் குறைபடுகிறார்கள். சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தொண்ணூற்றாறு வாக்கில், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, திருச்சிப் பக்கத்து வேன் ஒன்று தோப்பு வாசலில் நின்றது. கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். "பாய், குளிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றார். மோட்டாரைப் போட்டுவிட்டேன். குழாய் வாயில் தலையைக் கொடுத்து வரிசையாகக் குளித்தார்கள். மரத்தடியில் அடுப்பு மூட்டி உப்புமா கிண்டினார்கள். எனக்கும் ஒரு இலையில் கொடுத்தார்கள். அந்த உப்புமாவைத் தின்றுகொண்டேதான் தொட்டி எங்கே கட்டுவது, சமையல் கொட்டகை எங்கே போடுவது, கக்கூஸ் எந்த மூலையில் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அடுத்த கார்த்திகைக்குள் எல்லாம் எழும்பிவிட்டது.

நாங்கள் முஸ்லிம்கள். ஆனால் கார்த்திகை ஒன்றிலிருந்து தை பிறக்கும் வரை அந்தத் தோப்புக்குள் மீன், கறி வாசனை வந்ததில்லை. பீடி கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். என் மனைவி மீன் குழம்பு வைத்த நாளில் தோப்புப் பக்கமே வர மாட்டாள். சாமிகளுக்கென்று தனிப் பாத்திரம், தனி விறகு. மாலை போட்டவர்கள் எதிரே வருகிற எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி நான் 'பாய் சாமி' ஆனேன். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பாய் சாமி தோப்பு என்றால் தெரியும்.

பத்து வருஷம் போல நன்றாக ஓடியது. இரண்டாயிரத்து ஆறு வாக்கில் உத்தமபாளையம் தாண்டி, கம்பத்துக்கு முன்னாலேயே, ஒருவர் பெரிய இடம் போட்டார். வெந்நீர், டைல்ஸ் தரை, பஸ் திருப்ப இடம். அதெல்லாம் பரவாயில்லை. அவர் டிரைவர்களுக்கு இலவசச் சாப்பாடும் வண்டிக்கு இவ்வளவு என்று கமிஷனும் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. டிரைவராக இருந்த காலத்திலேயே நான் வாங்காத காசு அது, எப்படிக் கொடுப்பேன்? விடியற்காலையில் உள்ளே சாமிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். டிரைவர் எங்கே நிறுத்துகிறானோ அங்கே இறங்கிக் குளிப்பார்கள். என் தோப்பைத் தாண்டும்போது ஈரத்தலையோடு ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போனார்கள். நானும் கையாட்டினேன்.

தோப்பில் என் அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி. அவர் கம்பத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம். தோப்பு எனக்குப் பிள்ளை மாதிரி என்றால், அவருக்கு அது சும்மா கிடக்கிற இடம். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, ரோட்டு மேல கெடக்கு. பிளாட்டு போட்டுருவமா? கேக்க ஆளு வந்துருக்காக."

"தொட்டி இருக்குதுண்ணே."

"தொட்டிய வச்சு என்ன செய்ய? ஒட்டகம் குளிப்பாட்டவா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவரே ஒரு பேச்சுக்கு வந்தார். இந்த சீசன், அடுத்த சீசன், இரண்டையும் பார்ப்பது. வண்டி நிறைந்தால் தோப்பு தோப்பாகவே இருக்கும், அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார். நிறையவில்லை என்றால் நான் குறுக்கே நிற்கக் கூடாது. சரி என்று கை கொடுத்தேன். கை கொடுத்த பிறகு என் பேச்சை நான் மாற்றியதில்லை. இது ஊருக்கே தெரியும்.

டிரைவரைத் தாண்டிச் சாமிகளைப் பிடிக்க வேண்டும். அவர்கள் வேனில் ஏறுவதற்கு முன்பே, அவரவர் ஊரிலேயே, பாய் சாமி தோப்பில்தான் குளிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். அது எப்படி? பத்திரிகையில் விளம்பரம் போட நான் தயாரில்லை. அப்போதுதான் மருமகள் வெப்சைட் என்றாள். அவள் தேவாரத்துப் பெண், பி.காம் படித்தவள். என் மகன் சவூதியில் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தோம். வெப்சைட்டுக்கு இடம் இலவசமாகவே கிடைக்கிறது மாமா என்றாள். இலவசம் என்றால் செய் என்றேன். தோப்பு, தொட்டி, சமையல் கொட்டகை, நான், எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டாள்.

கடை திறந்தால் கூட்டம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் மீட்டர் ஒன்று ஓடியது. லாரி மீட்டர் பார்த்துப் பழகிய கண் இது. தினமும் சாயங்காலம் பார்ப்பேன், ஏறியிருக்கும். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மாமா, கோவிச்சுக்கிறாதீக. அது நாம தொறக்கத் தொறக்க ஏறுது."

"வெளியாளு ஒருத்தரும் வரலயா ஆத்தா?"

"உங்க மகன் அங்கன இருந்து ரெண்டு மூணு வாட்டி பாத்துருப்பாக."

அதோடு விட்டேனா? பெயிண்டரைக் கூட்டி வந்து தோப்பின் சுற்றுச்சுவர் முழுக்க வெப்சைட் முகவரியை ஆள் உயரத்துக்கு எழுத வைத்தேன். மச்சினன் வந்து பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

"மச்சான், தோப்புக்குள்ள நின்னு குளிக்கிறவன்கிட்ட, தோப்பு எங்கன இருக்குன்னு கம்ப்யூட்டர்ல பாத்துக்கன்னு எழுதி வச்சுருக்கீக. நல்லாத்தான் இருக்கு."

"போடா, ரோட்டுல போறவன் பாப்பான்."

"ரோட்டுல போறவன் தோப்பப் பாக்க மாட்டானா?"

அதற்கப்புறம் யாரையும் கூட்டிப் போய் அந்தச் சுவரைக் காட்டவில்லை.

அடுத்த அடி திண்டுக்கல்லிலிருந்து விழுந்தது. வழக்கமாக வருகிற குருசாமி ஒருவர் போன் செய்தார். பல வருஷமாகக் குழு நடத்துகிறவர், கண்டிப்பான ஆள்.

"பாய், உங்க பக்கத்த என் தங்கச்சி மகன் காட்டுனான்."

"எப்படி இருக்கு சாமி?"

"தொட்டி நல்லா இருக்கு. தொட்டிக்கு மேல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு கண்ணடிக்குதே, அது யாரு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகளைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். இலவசமாக இடம் கொடுத்தவன் நம் பக்கத்தின் தலையில் அவன் விளம்பரத்தைப் போட்டுக்கொள்வானாம். திறக்கிற ஊருக்குத் தக்கபடி, நேரத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்று வருமாம். எங்கள் வீட்டில் பல்பொடி வந்தது. திண்டுக்கல்லில் பெண் சிநேகிதம் தேடித் தருகிற விளம்பரம் வந்திருக்கிறது. பெண்ணை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று விரதம் இருக்கிற ஆட்களுக்காக ஒரு பக்கம் போட்டு, அதன் நெற்றியிலேயே இப்படி. நம் வீட்டு வாசலை அவன் வாடகைக்கு விட்டிருக்கிறான், நமக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கே அதை மூடச் சொன்னேன். விளம்பரம் வராத வேறொரு இடம் தேடினாள். நாட்குறிப்பு மாதிரி தினமும் எழுதிப் போடலாம், அதுவும் இலவசம்தான். வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து, ஒரே ஒரு படம். படத்தில் நான் இல்லை. கேட்டதற்கு, இடம் பத்தவில்லை என்றாள்.

ஐயப்ப பக்தர்கள் மெயிலில் கூடிப் பேசிக்கொள்கிற குழு ஒன்று இருந்தது. மருமகள் அதில் சேர்ந்து, கம்பத்தில் குளிக்க, சமைக்க, இளைப்பாறச் சிறந்த இடம் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் அதை நடத்துகிறவர் தூக்கிவிட்டார். இது பக்தர்கள் பேசுகிற இடம், கடை விரிக்கிற இடம் இல்லை என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டு, இவளையும் வெளியே அனுப்பிவிட்டார். பிள்ளை அழுதுவிட்டது. என் மருமகளை வெளியே தள்ள அவன் யார், எந்த ஊர்க்காரன், வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். அவர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டேன்.

ஆனாலும் என் மகன் பெயரில் மறுபடி சேர்ந்து, எழுதாமல் வெறுமனே படித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை பிறந்து மழை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்:

"மாமா, குமுளி மலையில மண்ணு சரிஞ்சு கெடக்காம்ல, வண்டி போகுதான்னு ஒருத்தர் கேட்டுருக்காக. யாரும் பதில் சொல்லல."

"ஒரு பக்கம் சரிஞ்சுச்சு, காலையிலயே அள்ளிட்டாக. ஒத்தையா விடுறாக. பெரிய பஸ்ஸு மட்டும் மலையடியில, லோயர் கேம்ப்ல நிக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எஸ்டேட்டுக்கு ஆள் இறக்கிட்டு வந்த ஜீப்புக்காரன் இப்பத்தான் டீ குடிச்சுட்டுப் போறான்."

அதை அப்படியே எழுதிப் போட்டாள். தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலத்துக்குள் வேலூர், ஓசூர், நெல்லூர் என்று ஆளாளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூர்க்காரரே 'இப்படி அல்லவா எழுத வேண்டும்' என்று எழுதியிருந்தார். அவர் வெளியே தள்ளியது இதே பிள்ளையைத்தான் என்று அவருக்குத் தெரியாது.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. இதற்கெல்லாம் பெரிய படிப்பு இருக்கிறதாம், பட்டணத்தில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்களாம். லாரி ஓட்டியவனுக்கு அது தேவையில்லை. டீக்கடையில் எவனிடம் ரோட்டுச் சேதி இருக்கிறதோ அவனைச் சுற்றித்தான் நாலு டிரைவர் உட்காருவான். பிறகு அவன் எந்தக் கடையில் டீ குடிக்கிறானோ அந்தக் கடையில் குடிப்பான்.

அன்றிலிருந்து விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பத்தில் ரோடு பிரிகிற இடத்தில் போலீஸ் நிற்கிறதா, கம்பம்மேட்டுப் பாதையில் பனி எப்படி, லோயர் கேம்ப்பில் வரிசை எதுவரை, பங்கில் டீசல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு திரும்புவேன். மழையில் நனைந்தபடி நான் வாசலில் நின்று சொல்ல, அவள் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்து எங்கள் பக்கத்திலும் அந்த மெயில் குழுவிலும் அடிப்பாள். சேதிக்கு அடியில் ஒரே ஒரு கடைசி வரி: குளிக்க, சமைக்க இடம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று என் போன் நம்பர்.

"அந்த வரியப் பெருசா போடு ஆத்தா."

"பெருசா போட்டா மறுபடி தள்ளிருவாக மாமா."

சின்னதாகவே கிடந்தது. அதுதான் வேலை செய்தது.

இன்னொன்றும் அந்த சீசனில்தான் விளங்கியது. நாங்கள் குருசாமிகளைக் குறிவைத்துக்கொண்டிருந்தோம். அது வீண். ஒரு குழு முதல் வருஷம் எங்கே இறங்கிக் குளித்ததோ அங்கேதான் சாகும்வரை குளிக்கும். அது அவர்களுக்கு ராசி. குருசாமிக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, தெரிந்தாலும் மாற மாட்டார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏதாவதொரு குழு சண்டை போட்டுப் பிரியும். யார் முன்சீட்டில் உட்காருவது, யார் சரணம் சொல்வது, போன வருஷம் நெய் மிச்சம் எங்கே போனது என்று எதிலாவது. பிரிந்து போனவர்கள் பழைய இடத்துக்குப் போக மாட்டார்கள், அங்கே மற்றவர்கள் நிற்பார்களே. புது இடம் தேடுவார்கள். தேடுகிற வேலை, முதல்முறை மாலை போட்ட கன்னிச்சாமி எவனாவது கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தால் அவன் தலையில் விழும். அவன் ரோடு திறந்திருக்கிறதா என்று தேடும்போது எங்கள் பக்கத்தில் வந்து விழுவான். எங்களுக்கு வேண்டிய ஆள் அவன் ஒருவன்தான்.

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு வந்து குளித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வேன் உள்ளே திரும்பியது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் தொட்டியில் இருந்தவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"இவனுங்களுக்கு யாரு இந்த எடத்தச் சொன்னது?"

"நாங்க நெட்ல பாத்தோம். நீங்க?"

"நாங்களும் நெட்லதான் பாத்தோம்!"

ஒரே ஊர், ஒரே தெரு. போன வருஷம் வரை ஒரே வேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். "சாமி, தொட்டிக்குக் கிழக்க ஒரு பக்கம், மேக்க ஒரு பக்கம். தண்ணிக்குச் சண்ட தெரியாது, எறங்குங்க" என்றேன். இறங்கினார்கள். ஒரு பக்கம் சரணம் சொன்னால் மறு பக்கம் அதைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். என் தோப்பு அதுவரை அப்படி ஒரு சரணம் கேட்டதில்லை.

கிளம்புகிறவர்களிடம் நானே போய் நிற்பேன். "யாருக்குப்பா மெயிலு இருக்கு? ஊருக்குப் போய் நாலு வரி எழுதுங்க" என்பேன். கன்னிச்சாமிகள் கை தூக்குவார்கள். "மாலை போட்டும் அந்தப் பொட்டிய விடலயாடா?" என்று குருசாமி திட்டுவார். ஆனாலும் எழுதினார்கள். பெங்களூரில் ஒரு குழு தன் சொந்தப் பக்கத்தில் எங்களைச் சேர்த்துக்கொண்டது, நாங்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டோம். ஒரு பைசா செலவில்லை. மார்கழியில் தோப்புக்கு வெளியே ரோட்டில் வேன்கள் காத்து நின்றன. அண்ணன் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். வண்டியை எண்ணுகிறார் என்று தெரிந்தது. ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் விற்ற இளநீரில் அதுதான் ருசியானது.

இத்தனையும் சொல்லிவிட்டேன். இனிச் சொல்ல எனக்கு அவ்வளவு தெம்பில்லை, சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

மலைக்குப் போக எங்கள் பக்கம் இரண்டு பாதை. கம்பத்திலேயே பிரிந்து கம்பம்மேட்டு வழியாக ஏறலாம். இல்லையென்றால் நேராக எங்கள் தோப்பைத் தாண்டி, கூடலூர், லோயர் கேம்ப், குமுளி என்று ஏறலாம். கூட்டம் தாங்காத கடைசி சில நாளில் மட்டும் போகிற வண்டியை மேட்டு வழியாகவும், திரும்புகிற வண்டியைக் குமுளி வழியாகவும் ஒருவழியாக விடுவது வழக்கம். அடுத்த சீசனில் வண்டி பெருத்துவிட்டது. கார்த்திகை பாதியிலேயே அப்படி மாற்றிவிட்டார்கள், சீசன் முடியும்வரை அதுதான் என்றார்கள். காலையில் நான் மொபெட்டில் போய் நின்றபோது பிரிகிற இடத்தில் தார் டிரம் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு என் தோப்புக்குப் போகிற ரோட்டின் குறுக்கே.

மலையேறப் போகிறவர்கள்தான் குளித்து, பூஜை செய்து, சமைத்துச் சாப்பிடுவார்கள். திரும்புகிறவர்கள் வேனில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே போவார்கள். அவர்களுக்குக் குளியலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும். உத்தமபாளையம் தாண்டியிருக்கிற அந்தப் பெரிய இடம் பாதை பிரிவதற்கு முன்னால் இருக்கிறது. அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மச்சினனும் இருந்தான். சேதி அவனுக்கு முன்பே வந்திருந்தது.

"மச்சான், ரெண்டு நாளைக்கு ஒண்ணும் எழுதாதீக. இல்லாட்டி ஊருக்குள்ள சந்து வழியா நுழைஞ்சு தோப்புக்கு வாங்கன்னு எழுதுங்க. குளிச்சுட்டுத் திரும்பிப் போயி மேட்டுல ஏறட்டும். உங்க பேச்சக் கேட்டு வர்ற கூட்டம்தான?"

அவன் கேலி செய்யாமல் பேசியது அன்றைக்குத்தான். எனக்காகத்தான் சொன்னான். கம்பத்துச் சந்துகள் எனக்குத் தெரியும். ஒரு மாட்டு வண்டி எதிரே வந்தால் வேன் பின்னால் எடுக்க முடியாது. கைப்பிள்ளை கன்னிச்சாமியோடும் வயசாளிகளோடும் ராவெல்லாம் உட்கார்ந்து வந்த கூட்டம், அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். போலீஸ் திட்டும். என் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தோம் என்று சொல்வார்கள்.

"என்ன அடிக்கட்டும் மாமா?" என்றாள் மருமகள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சட்டையெல்லாம் ஈரம்.

"போற வண்டி மேட்டு வழியா மட்டும். குமுளி வழியா விடல. சீசன் முழுக்க இப்படித்தான். அடி."

"கடைசி வரி?"

"அத எடுத்துரு. போறவுக யாரு இங்கன வரப்போறாக?"

"இருக்கட்டும் மாமா. திரும்பி வர்றவுக பாப்பாக" என்றாள். அவளுக்கும் தெரியும், பார்க்க மாட்டார்கள் என்று. எடுக்காமலே விட்டுவிட்டாள்.

பக்கம் பேரெடுத்துவிட்டது. அந்த சீசனில் போன் ஓயவே இல்லை. ஓசூர், சித்தூர், புதுச்சேரி, எங்கிருந்தெல்லாமோ. எல்லாருக்கும் ஒரே கேள்வி, மேட்டு வழியா, குமுளி வழியா. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. தோப்பில் மோட்டார் ஓடவில்லை. கொட்டகையில் ஆடு படுத்திருந்தது. திரும்பி வருகிற வேன் எப்போதாவது நிற்கும், ஒன்றுக்குப் போய்விட்டு ஏறிக்கொள்வார்கள்.

ஒரு காலை ஓர் இளைஞன் கூப்பிட்டான். சேலத்துக் குழு, வத்தலக்குண்டு தாண்டிவிட்டார்களாம்.

"பாய் சாமி, மேட்டு வழிதானே? அதுக்கு முன்னாடி குளிக்க நல்ல எடம் ஏதும் இருக்கா?"

நான் அந்தப் பெரிய இடத்தின் அடையாளத்தைச் சொன்னேன்.

"அங்க நல்லா இருக்குமா?"

"தண்ணி நல்லா வரும். வெந்நீ இருக்கு. பாத்திரம் கழுவத் தனி எடம் இருக்கு. டிரைவரு அங்கனதான் நிப்பாட்டுவாரு, நீங்க சொல்லக்கூட வேணாம்."

"உங்க எடமா சாமி?"

"இல்ல சாமி. வேற ஒருத்தரோடது."

மச்சினன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அவர்கிட்ட கமிஷனாச்சும் கேளுங்க" என்றான். நான் டிரைவர் இல்லை என்றேன்.

தை பிறந்து சாமிக் கூட்டம் ஓய்ந்த பிறகு அண்ணன் தோப்புக்கு வந்தார். கூடவே நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆள் ஒருவர். நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ எழுதுறத என் மகன் தினம் பாத்தான். எம்புட்டுப் பேரு பாக்குறாகளாம்ல?"

"ஆமாண்ணே."

"அம்புட்டுப் பேருல ஒருத்தரும் இங்கன வரலயா?"

"அவுக ரோட்டப் பாக்க வந்தாகண்ணே. தோப்பப் பாக்க வரல."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரோட்ட மாத்துனது உன் குத்தம் இல்ல. வேணும்னா இன்னொரு சீசன்..." என்று இழுத்தார். என் அண்ணன் அப்படி இழுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த சீசனிலும் அதே கயிறுதான் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சலித்துப்போயிருந்தது. மழையில் மொபெட் ஓட்டி முழங்கால் வீங்கியிருந்தது.

"பேசுன பேச்சு பேசுனதுதாண்ணே. குறுக்க நிக்கல. அளக்கச் சொல்லுங்க" என்றேன்.

ஆள் சங்கிலியைப் பிரித்தார். அண்ணன் அவரோடு மேற்கு வேலிப் பக்கம் நடந்தார். தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. எழுந்து போய் அடியிலிருந்த அடைப்பானைத் திருகினேன். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி மரங்களின் பாத்தி பாத்தியாக ஓடத் தொடங்கியது.

"வெட்டப்போற மரத்துக்குத் தண்ணி எதுக்கு மச்சான்?" என்றான் மச்சினன்.

"வாய்க்கா அங்கனதான் போகுது மாப்ள" என்றேன்.